பாகு முற்றினால் மிட்டாய்

மைசூர்பாகுக்கு ஒரு கம்பிப் பதம். அதிரசத்துக்கு உருட்டுப் பதம். கடலைமிட்டாய்க்கோ, தண்ணீரில் விட்டெடுத்த பாகைத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். வெப்பமானி என்ற ஒன்றைக் கண்ணால் பார்க்காதவர்களும் இரண்டு விரலையும் ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீரையும் வைத்துக்கொண்டே இவற்றைப் பிசகாமல் கண்டுபிடித்துவிடுவார்கள். பெட்டிக்கடை பாட்டிலில் இருந்த ஆரஞ்சு மிட்டாயும் குச்சி மிட்டாயும் இதே வரிசையின் கடைசிப் படிதான். வீட்டு அடுப்பிலேயே அதை எட்டிவிடலாம்.

பாகில் எவ்வளவு தண்ணீர் மிச்சமிருக்கிறது என்பதுதான் பதம். வெறும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். சர்க்கரை கரைந்திருந்தால் அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும். தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, கொதிநிலையும் ஏறிக்கொண்டே போகும். 110 டிகிரியை ஒட்டிக் கம்பி இழுக்கும். 112 முதல் 116க்குள், தண்ணீரில் விட்ட சொட்டை மெத்தென்று உருட்ட வரும். அப்போது பாகில் சர்க்கரை ஏறக்குறைய 85 சதவீதம். 125 வாக்கில் உருண்டை கெட்டிப்படும். 132ஐத் தாண்டினால் ஒடியும், ஆனால் கொஞ்சம் வளைந்துவிட்டுத்தான் ஒடியும். கடித்தால் பல்லில் ஒட்டும். 146 முதல் 154 வரை உள்ளதே மிட்டாய்ப் பதம். சொட்டு தண்ணீரில் விழுந்ததுமே இறுகி, எடுத்து ஒடித்தால் 'படக்'கென்று முறியும். தண்ணீர் ஒரு சதவீதம் இருந்தாலே அதிகம்.

ஊட்டிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால், மேலே சொன்ன ஒவ்வொரு எண்ணிலும் ஏழு டிகிரி கழித்துக்கொள்ள வேண்டும். கிண்ணத்துத் தண்ணீருக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. மலையிலும் சமவெளியிலும் அது ஒரே பதிலைத்தான் சொல்லும்.

கல்கண்டும் சர்க்கரைதான், மிட்டாயும் சர்க்கரைதான். கல்கண்டில் மூலக்கூறுகள் நிதானமாக அடுக்கடுக்காகச் சேர்ந்து படிகமாகின்றன. மிட்டாயில் அதற்கு அவகாசமே தருவதில்லை. பாகு சட்டென்று ஆறி, கண்ணாடியைப்போல் ஒழுங்கில்லாமல் உறைந்துவிடுகிறது. கொதிக்கும் பாகைக் கிளறினாலோ, பாத்திரத்தின் ஓரத்தில் நாலு சர்க்கரைத் துணுக்கு ஒட்டியிருந்து உள்ளே விழுந்தாலோ மொத்தமும் பூத்து, மணல் மணலாகிவிடும். எலுமிச்சைச் சாறு விடுவது இதற்காகத்தான். அதன் புளிப்பு சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிரிக்கிறது. அவை குறுக்கே நின்று படிகம் சேரவிடாமல் தடுக்கின்றன. வெல்லத்தில் இவை இயல்பாகவே உண்டு. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கும் வெல்லப் பாகுதான்.

செய்முறை சின்னது. 400 கிராம் சர்க்கரை, 150 மில்லி தண்ணீர், அரை தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. அடி கனமான பாத்திரத்தில், சர்க்கரை கரையும்வரை மட்டும் கிளறலாம். கொதி வந்த பிறகு கரண்டியைத் தொடக் கூடாது; ஈரத் துணியால் ஓரங்களைத் துடைத்துவிட்டால் போதும். தொடக்கத்தில் ஆமை வேகத்தில் ஏறும் சூடு, 130க்குப் பிறகு ஓட்டமெடுக்கும். அந்த நேரத்தில் கைப்பேசியை எடுத்தால் மிட்டாய் போச்சு. 160ஐத் தாண்டினால் பழுப்பேறி, மேலும் விட்டால் கசந்துவிடும். 150இல் இறக்கி, குமிழி அடங்கியதும் நிறமும் எசென்ஸும் சேர்த்து, நெய் தடவிய தட்டில் ஊற்ற வேண்டும். ஓரம் இறுகத் தொடங்கும்போதே கத்தியால் கோடு போட்டுவிட வேண்டும். ஆறிய பிறகு சுத்தியலைத்தான் தேட வேண்டியிருக்கும்.

சின்னப் பிள்ளைகளை அடுப்புப் பக்கம் விட வேண்டாம். வெந்நீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். மழை நாளும் இதற்கு ஆகாது. காற்றின் ஈரத்தை மிட்டாய் உறிஞ்சிப் பிசுபிசுத்துப்போகும், ஆகவே ஆறியதும் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டி மல்லுக்கட்ட வேண்டாம். தண்ணீர் ஊற்றி ஒரு கொதி விட்டால் தானே கரைந்துவிடும்.