தாடைக்கு முன்னால் மூக்கைப் பாருங்கள்

நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வைத்தால் தாடை கூராகும் என்னும் ‘மியூவிங்’ ரீல்ஸ்கள் விளாத்திகுளத்துப் பையன்களின் கைப்பேசியிலும் ஓடுகின்றன. பிரிட்டன் பல்மருத்துவர்கள் ஜான் மியூ, அவர் மகன் மைக் மியூ பரப்பிய முறை இது. தக்க சான்று இல்லை என்று அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் சங்கம் சொல்லிவிட்டது. அதற்காக, நிற்கும் உட்காரும் விதத்துக்கும், அதாவது முதுகுக்கும், முகத்துக்கும் தொடர்பே இல்லை என்று ஆகிவிடாது. அந்தத் தொடர்பு பையன்கள் தேடும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

தலை சாய்ந்தால்

சோலோ, டால்கிரென் என்ற ஆய்வாளர்கள் 1976இல் டென்மார்க் மாணவர்களின் பக்கவாட்டு எக்ஸ்ரேக்களை அளந்தார்கள். முகவாயைத் தூக்கித் தலையைப் பின்சாய்த்தவர்களுக்கு முகம் நீண்டு, கீழ்த்தாடை உள்வாங்கியிருந்தது. எது முந்தியது என்பதைப் படம் சொல்லாது. மூச்சுவழி அடைபட்டால் பிள்ளை தானாகத் தலையைத் தூக்கும், அப்போது இழுபடும் தோலும் தசையும் தாடையின் வளர்ச்சியை மட்டுப்படுத்தும் என்பது 1977இல் சோலோவும் கிரைபோர்கும் முன்வைத்த கருத்து.

அதனால்தான் ‘கூன் போடாதே’ என்று அதட்டும் முன் மூக்கைப் பார்க்கச் சொல்கிறேன். வாயைப் பிளந்து தூங்குகிறானா, குறட்டை விடுகிறானா, உதடு வறண்டு வெடிக்கிறதா? மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதை வீங்கியிருக்கலாம், ஒவ்வாமையாகவும் இருக்கலாம். நம் பக்கத்து வத்தல் களத்தின் நெடியும் சீமைக்கருவேலக் கரிமூட்டப் புகையும் மூக்கைச் சும்மா விடாது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம்.

பட்டை சொன்ன பாடம்

வளரும் முகம் அழுத்தத்துக்கு வளைந்து கொடுக்கும் என்பதை முதுகு வைத்தியமே காட்டியது. 1940களில் அமெரிக்காவில் வந்த மில்வாக்கி பட்டை, வளைந்த முதுகெலும்பை நிமிர்த்த முகவாய்க்கு அடியில் முட்டுக் கொடுத்தது. நாளின் பெரும்பகுதி, ஆண்டுக்கணக்கில் அணிந்த பிள்ளைகளுக்குப் பல் முன்தள்ளி, கடிவாய் கெட்டது. பிறகு அந்தத் தாங்கியைத் தொண்டைப் பக்கம் இறக்கினார்கள். எலும்பு நகர அத்தனை காலம் ஓயாத அழுத்தம் வேண்டும். ரீல்ஸ் பார்த்து ஐந்து நிமிடம் நாக்கை ஒட்டுவது எந்த மூலைக்கு?

முகம் ஒரு பக்கமாகக் கோணினால் கழுத்தைப் பார்க்க வேண்டும். பிறவியிலேயே ஒரு பக்கக் கழுத்துத் தசை இறுகிய குழந்தையைக் கவனிக்காமல் விட்டால், வளர வளர முகமும் கோணும். முதல் ஆண்டுக்குள் பிசியோதெரபி தொடங்கினால் பெரும்பாலும் சரியாகும்.

குனியச் சொல்லுங்கள்

முகத்தைப் பார்க்கும்போதே முதுகையும் பாருங்கள். பத்து முதல் பதினான்கு வயதில், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, முதுகெலும்பு பக்கவாட்டில் வளையத் தொடங்கலாம். நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு இது உண்டு. வலி பெரும்பாலும் இராது; தாவணியும் துப்பட்டாவும் மறைத்துவிடும். ஒரு தோள் இறங்கியிருக்கிறதே என்று தையல்காரர் சொல்லித்தான் சில வீடுகளில் தெரியவரும்.

பாதங்களைச் சேர்த்து, முழங்கால் மடக்காமல், கைகளைத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். விலாவின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் எலும்பு மருத்துவரிடம் போங்கள். வளைவு 10 டிகிரிக்குக் குறைந்தால் நோயாகக் கொள்வதில்லை. 25 முதல் 40 டிகிரி வரை, வளர்ச்சி மிச்சமிருந்தால், பட்டை உதவும். 2013இல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வில் பட்டை அணிந்தவர்களில் 72 விழுக்காட்டினருக்கு வளைவு அறுவைச் சிகிச்சை அளவை எட்டவில்லை. அணியாதவர்களில் அது 48தான். வளர்ச்சி நின்றபின் பட்டையால் பயனில்லை என்பதால் பெரிய பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது.