ஆசிரியர் தாண்டிவிடும் பாடம்

2005 ஜனவரியில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்ற சிற்றூரின் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் ஓர் அறிக்கையைப் படிக்க மறுத்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் பரிணாமப் பாடம் தொடங்கும் முன் அதை மாணவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது பள்ளி வாரியத்தின் உத்தரவு. டார்வின் சொன்னதில் இடைவெளிகள் இருக்கின்றன, 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று வேறொரு விளக்கமும் உண்டு, விரும்புகிறவர்கள் அதைப் பற்றிய புத்தகத்தை எடுத்துப் பார்க்கலாம் என்பதே அதன் சாரம். அது அறிவியல் அல்ல, அதை அறிவியல் என்று பிள்ளைகளிடம் சொல்வது எங்கள் தொழில் நெறிக்கு விரோதம் என்று ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் நிர்வாகத்திலிருந்து ஆள் வந்து வாசித்தார். ஆசிரியர்கள் அறையை விட்டு வெளியேறினார்கள். இதைப் பற்றி மேற்கொண்டு பேச்சு கிடையாது, உங்கள் ஆசிரியர்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மாட்டார்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லப்பட்டது.

டோவர் விவகாரத்தில் என்னை மிகவும் உறுத்துவது இந்தக் கடைசி ஏற்பாடுதான். அறிவியல் வகுப்புக்குள் ஒரு கருத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதைப் பற்றிக் கேட்காதே என்று சொல்ல முடியுமானால், அந்தக் கருத்து அங்கே வந்திருக்கவே கூடாது. உயிர்களைக் கடவுளே படைத்தார் என்பதை அறிவியலாக முன்வைக்கும் படைப்புவாதத்துக்கு அரசுப் பள்ளியின் அறிவியல் வகுப்பில் இடம் இல்லை என்று நான் உறுதியாக நம்புவதற்குக் காரணமும் இதுவே. வரலாற்று வகுப்பில், சமயங்களைப் பற்றிய வகுப்பில் பைபிளின் ஆதியாகமத்தைத் தாராளமாகப் படிக்கலாம். அமெரிக்கச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. வரி கட்டும் பெற்றோருக்குத் தம் பிள்ளைகள் படிப்பதில் குரல் இருக்க வேண்டும், இரண்டையும் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளே முடிவு செய்துகொள்வார்கள் என்று மறுதரப்பு சொல்கிறது. குரல் இருக்கட்டும். ஆனால் எலும்பையும் பாறையையும் மரபணுவையும் வைத்துச் சோதித்துப் பார்க்க முடிந்த ஒன்றையும், சோதனைக்கே உட்படாத ஒன்றையும் ஒரே மேசையில் சரிசமமாக வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வது பதினான்கு வயதுப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

டோவரின் பெற்றோர் 11 பேர் வழக்குத் தொடுத்திருந்தார்கள். ஹாரிஸ்பர்க் நகரில் 2005 செப்டம்பர் 26 அன்று விசாரணை தொடங்கியது. பரிந்துரைக்கப்பட்ட அந்தப் புத்தகத்தின் பழைய வரைவுகள் நீதிமன்றத்துக்கு வந்தன. பரிணாமத்தைக் கற்பித்தால் படைப்புவாதத்தையும் கற்பிக்க வேண்டும் என்ற லூசியானா மாநிலச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987 ஜூனில் ரத்து செய்திருந்தது. அந்தத் தீர்ப்புக்கு முந்தைய வரைவுகளில் 'படைப்புவாதிகள்' என்று இருந்த இடங்களில், பிந்தைய வரைவுகளில் 'வடிவமைப்பை ஆதரிப்பவர்கள்' என்று இருந்தது. ஓரிடத்தில் பழைய சொல் முழுதாக அழியாமல் புதிய சொல்லோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பெயர் மட்டும்தான் மாறியது, சரக்கு மாறவில்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று எந்த வழக்குக்கும் கிடைக்காது.

அதே விசாரணையில், உயிரியல் பேராசிரியர் ஒருவர் குரோமோசோம்களைப் பற்றிச் சாட்சியம் சொன்னார். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகியவற்றுக்கு 24 ஜோடிக் குரோமோசோம்கள், மனிதனுக்கு 23. பொது மூதாதையர் உண்டென்றால் அந்த ஒரு ஜோடி எங்கே போனது? ஒரு ஜோடி அப்படியே தொலைந்திருந்தால் உயிர் பிழைத்திருக்காது. ஆகவே இரண்டு குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். அப்படி ஒட்டியிருந்தால் தடயம் இருக்க வேண்டும். வழக்கமாகக் குரோமோசோமின் இரு முனைகளில் காணப்படும் டி.என்.ஏ. வரிசை, ஒட்டிய இடமான நடுப்பகுதியிலும் இருக்க வேண்டும். தேடினார்கள். மனிதனின் இரண்டாம் குரோமோசோமில் அது இருந்தது. பரிணாமம் பொய்யாக இருந்தால் அந்த இடத்தில் அது அகப்பட்டிருக்கத் தேவையே இல்லை. தன்னைத் தோற்கடிக்கக்கூடிய ஒரு கேள்வியைத் தானே கேட்டு, பதிலைத் தேடிப் போகும் துணிச்சல்தான் அறிவியல். பள்ளிப் பிள்ளைக்கு இதை அரை மணி நேரத்தில் விளக்கிவிடலாம். இதைச் சொன்ன பேராசிரியர் கத்தோலிக்க நம்பிக்கை உள்ளவர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

நம்பிக்கைக்கும் பரிணாமத்துக்கும் நேரடிப் போர் என்ற சித்திரத்தை இந்த வழக்குகளே உடைக்கின்றன. 1981இல் ஆர்கன்சா மாநிலம் பரிணாமத்தோடு படைப்புவாதத்துக்கும் 'சம நேரம்' கேட்டுச் சட்டம் இயற்றியபோது அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் மெதடிஸ்ட், எபிஸ்கோபல், கத்தோலிக்கத் திருச்சபைகளின் ஆயர்களும் போதகர்களும் இருந்தார்கள். எங்கள் வேதத்தை ஆய்வுக்கூடப் பாடமாக்கிச் சிறுமைப்படுத்தாதீர்கள் என்ற கவலை அவர்களுக்கும் இருந்தது. 1982 ஜனவரியில் அந்தச் சட்டமும் விழுந்தது.

டோவர் தீர்ப்பு 2005 டிசம்பர் 20 அன்று வந்தது. 139 பக்கம். அறிவார்ந்த வடிவமைப்பு என்பது அறிவியல் அல்ல, அதை வகுப்பில் புகுத்துவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தெளிவாகச் சொன்னது. அதற்கு முந்தைய மாதமே நடந்த தேர்தலில், மீண்டும் போட்டியிட்ட வாரிய உறுப்பினர்கள் எட்டுப் பேரையும் ஊர் மக்கள் தோற்கடித்திருந்தார்கள்.

இத்தோடு விவகாரம் முடிந்தது என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். எனக்கோ தீர்ப்புகளைவிட, அவற்றுக்குப் பிறகு வகுப்பறையில் நடப்பதுதான் கவலை தருகிறது.

1925 ஜூலையில் டென்னசி மாநிலத்து டேட்டனில், மனிதனின் பரிணாமத்தைக் கற்பிக்கத் தடை விதித்த சட்டத்தை மீறியதாக இளம் ஆசிரியர் ஒருவருக்கு 100 டாலர் அபராதம் விதித்த வழக்கை எல்லோரும் அறிவார்கள். அந்த அபராதம் 1927இல் ஒரு நடைமுறைப் பிழையைக் காட்டி ரத்தானது. நாடே அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசியது. ஆனால் அதன்பின் பல பதிப்பாளர்கள் தங்கள் உயிரியல் நூல்களில் பரிணாமத்தை அமைதியாகக் குறைத்துக்கொண்டார்கள். எந்த நீதிமன்றமும் அவர்களுக்கு உத்தரவிடவில்லை. எதற்கு வம்பு என்ற எண்ணம் ஒன்றே போதுமானதாக இருந்தது. 1957இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவிய பிறகு, அறிவியல் கல்வியில் பின்தங்கிவிட்டோமோ என்ற பயம் பிடித்த பின்னரே பரிணாமம் பாடநூல்களுக்குள் தலைநிமிர்ந்து வந்தது. ஒரு தலைமுறைக்கு மேல் பிள்ளைகள் உயிரியலின் முதுகெலும்பு இல்லாமலே உயிரியல் படித்தார்கள்.

இப்போதும் அதே எண்ணம், பாடநூலிலிருந்து இறங்கி ஆசிரியரின் மனத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. 2007இல் அமெரிக்க அரசு உயர்நிலைப் பள்ளிகளின் உயிரியல் ஆசிரியர்கள் 926 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவுகளின்படி, பரிணாமத்தைத் தயக்கமின்றி, சான்றுகளோடு நடத்தியவர்கள் 28 சதவீதம். படைப்புவாதத்தை வெளிப்படையாக ஆதரித்தவர்கள் 13 சதவீதம். மீதி ஏறக்குறைய 60 சதவீதத்தினர் இரண்டுக்கும் நடுவில் இருந்தார்கள். மரபணுவோடு நிறுத்திக்கொண்டு உயிரினங்களின் தோற்றத்துக்குப் போகாதவர்கள், தேர்வுக்கு வேண்டும் என்பதற்காகப் படியுங்கள் என்றவர்கள், எல்லாக் கருத்தையும் சொல்லி ஒதுங்கிக்கொண்டவர்கள் இதில் அடக்கம். மனிதனின் பரிணாமத்தைத் தொடவே இல்லை என்றவர்கள் 17 சதவீதம்.

நீதிமன்றம் அந்த 13 சதவீதத்தைத் தடுக்கலாம். அறுபதை எந்த நீதிபதியால் என்ன செய்ய முடியும்? பாடம் நடத்தாததற்கு வழக்குப் போட முடியாது. மார்ச் மாதத்தில் நேரம் போதவில்லை என்று ஓர் ஆசிரியர் ஒரு அத்தியாயத்தைத் தாண்டினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த ஆசிரியர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிற்றூரில், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பக்கத்து இருக்கையில் உட்காரும் பெற்றோரின் பிள்ளைதான் திங்கட்கிழமை வகுப்பில் முன் வரிசையில் இருக்கிறது. பலர் கல்லூரியில் பரிணாமத்தைத் தனிப் பாடமாகப் படித்ததும் இல்லை. அந்தப் பிள்ளை எழுந்து கேட்கும் முதல் கேள்விக்கே பதில் தெரியாமல் போனால்?

நம் நாட்டிலும் 2023இல், தேசிய அளவிலான பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'மரபும் பரிணாமமும்' என்ற அத்தியாயம் 'மரபு' என்று மட்டும் சுருங்கியது. படைப்புவாதம் அங்கே காரணமில்லை. பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொன்னார்கள். 1,800க்கு மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். பதினொன்றாம் வகுப்பில் உயிரியலை எடுக்காத பிள்ளைக்கு அந்த நூலில்தான் பரிணாமத்தைப் படிக்கும் கடைசி வாய்ப்பு இருந்தது. காரணம் வேறு, நாடு வேறு. பிள்ளைக்கு நேரும் இழப்பு ஒன்றேதான்.

2019இல் அமெரிக்காவில் அதே ஆய்வை மறுபடி நடத்தினார்கள். முன்பு சொன்ன 28 சதவீதத்தின் அளவுகோலிலிருந்து வேறான ஓர் அளவுகோலின்படி, பரிணாமத்தை நிறுவப்பட்ட அறிவியலாக அழுத்திச் சொல்லி, படைப்புவாதத்துக்கு அந்த அழுத்தம் தராத ஆசிரியர்கள் 51 சதவீதத்திலிருந்து 67 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். 2013இல் வெளியான புதிய அறிவியல் பாடத் தரங்களில் பரிணாமம் மையமாக இருந்ததும், ஆசிரியர் பயிற்சியில் அதற்கு இடம் கூடியதும் இதற்குத் துணை நின்றதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கு இது பெரிய நம்பிக்கை தருகிறது. இந்தத் தயக்கத்தைத் தீர்ப்பால் போக்க முடியாவிட்டாலும் பயிற்சியால் போக்க முடிகிறது. டோவர் ஆசிரியர்களால் மறுக்க முடிந்ததற்கு அவர்களுக்குப் பாடம் தெரிந்திருந்தது ஒரு காரணம். எல்லோரும் சேர்ந்து ஒரே தாளில் எழுதிக் கொடுத்தது மற்றொன்று. பள்ளிக்கு ஒரே ஓர் உயிரியல் ஆசிரியர் இருக்கும் ஊர்கள் ஏராளம். அங்கே பெற்றோர் ஒருவர் கோபத்தோடு வந்து நிற்கும் நாளில், தலைமை ஆசிரியர் அந்த ஆசிரியரின் பக்கத்தில் வந்து நிற்பாரா என்பதைப் பொறுத்தே அந்த ஆண்டு அந்த அத்தியாயம் நடத்தப்படும்.