கல்லில் பூத்த பூவும், பக்கத்து வீட்டு இருமலும்

ஆக்ராவுக்குப் போனபோது ஒரு வெள்ளைப் பளிங்குத் தட்டு வாங்கி வந்தேன். நடுவில் சிவப்பும் நீலமுமாகக் கற்பூக்கள். எங்கள் ஓசூர் வீட்டுக் கூடத்தில் அதற்குத் தனி இடம்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் உறைமோர் கேட்டு வந்தவள், தட்டைத் தடவிப் பார்த்தாள்.

"பெயின்ட்டா அக்கா?"

"இல்லேம்மா, அத்தனையும் கல்லு. பளிங்கிலே பூ மாதிரி பள்ளம் தோண்டி, கலர் கல்லைச் சாணைச் சக்கரத்திலே தேய்ச்சுத் தேய்ச்சு, அதுக்குள்ளே பதிக்கிறாங்க."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. 'பர்ச்சின் காரி' என்ற பெயரைச் சொன்னேன். நூர்ஜஹான் தன் தந்தை இதிமாத்-உத்-தௌலாவுக்காக 1622 முதல் 1628 வரை கட்டிய கல்லறையில், சுவரெல்லாம் இந்த வேலைதான். 1632-ல் தொடங்கிய தாஜ்மகாலில் இது இன்னும் நுணுக்கம். பளிங்கு ராஜஸ்தானத்து மக்ரானாவிலிருந்து; நீலக் கல் ஆப்கானிஸ்தானத்திலிருந்து.

அவள் மெதுவாகக் கேட்டாள்: "இழைச்சவங்களுக்கும் எங்க வீட்டுக்காரர் மாதிரி இருமல் வந்திருக்குமா அக்கா?"

என் பேச்சு நின்றுவிட்டது. அவள் கணவருக்குப் பத்து வருஷமாக கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் அறுக்கும் வேலை. நாலு மாதமாக இருமல். "தூசுதானேன்னு விட்டுட்டோம்" என்றாள்.

சகோதரிகளே, அது வெறும் தூசு அல்ல. கிரானைட்டிலும், பூ பதிக்கும் சிவப்புக் கல்லிலும் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அதன் பொடி நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிடும். இதுதான் சிலிக்கோசிஸ். குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கல் இழைப்பவர்கள் பலரை இது வாட்டியிருக்கிறது. காசநோயும் எளிதில் தொற்றும். கெட்ட நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்தில்லை, வராமல் தடுக்கலாம்.

கல்லைத் தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும். முகத்தில் துண்டு கட்டினால் போதாது. பொடியைத் தடுக்கும் நல்ல முகமூடி, இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும். வேலை உடுப்பை வீட்டில் உதறாதீர்கள். உடனே தண்ணீரில் நனைத்துத் தனியாகத் துவையுங்கள். அவர் குளித்த பிறகே குழந்தையைத் தூக்கட்டும். இருமல் நீடித்தால் டாக்டரிடம் "கல் வேலை" என்று சொல்லி, மார்பு எக்ஸ்ரே எடுங்கள்.

அவளும் அழைத்துப் போனாள். ஆரம்பம்தானாம், தூசில் நிற்கவே கூடாது என்றாராம் டாக்டர். இப்போது வேறொரு இடத்தில் வாட்ச்மேன் வேலை. சம்பளம் குறைவுதான்.

"மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. ஆனா ஆளு இருக்காரே அக்கா" என்கிறாள்.

தட்டு அங்கேயேதான் இருக்கிறது. துடைக்கும்போதெல்லாம், இழைத்த கைகளை நினைத்துக்கொள்கிறேன்.