மென்பொருள்களை இணைக்கும் நெறி

இக்காலத்து நிறுவனமொன்றில் மென்பொருள் எதுவும் தனித்து இயங்குதல் அரிது. வரவுப் பதிவு ஒன்றில் இருப்ப, சம்பளக் கணக்கு வேறொன்றில் இருக்கும். இவற்றை இணைப்பது எங்ஙனம்?

ஹோப், வுல்ஃப் என்னும் அறிஞர் இருவர், 2003 இல் வெளியிட்ட தம் நூலில், இணைக்கும் வழிகளை நான்காக வகுத்தனர். கோப்புப் பரிமாற்றம் எளிது. ஆயின் தகவல் பழமைப்படும். பொதுத் தரவுத்தளத்திலே தகவல் உடன் கிடைக்கும். ஆயின் அதன் அமைப்பு மாறின் எல்லா மென்பொருளும் இடர்ப்படும். நேரடி அழைப்பு உடனே விடை தரும். அழைக்கப்பட்டது நின்றுவிடின் அழைத்ததும் தடைப்படும். செய்தியனுப்புதலில், பெறுவது ஓய்ந்திருப்பினும் செய்தி வரிசையிற் காத்திருக்கும். ஆயின் பிழை காண்டல் கடினம்.

ஆதலின், புதியது எதுவென நாம் வினவுதல் வேண்டா. தாமதம் பொறுக்குமா, ஒன்று நின்றால் மற்றதும் நிற்கலாமா என்பனவே வினாக்கள். மாதச் சம்பளத்துக்கு நாளுக்கொரு கோப்பே சாலும். வங்கியிற் காசு கொடுக்கும் பொறிக்கோ, கணக்கின் மீதியை அறிய நேரடி அழைப்பு வேண்டும்.

எவ்வழியைத் தேரினும் பொருளுடன்பாடு இன்றியமையாதது. நாசாவின் செவ்வாய்க் காலநிலை விண்கலத்துக்கென, பூமியிலிருந்த மென்பொருளொன்று உந்துகணத்தாக்கை இறாத்தல் விசை அலகிற் கோப்பில் எழுதியது. மற்றொன்று அதனை நியூற்றன் அலகெனக் கொண்டது. வேறுபாடு 4.45 மடங்கு. 1999 செத்தெம்பர் 23 இல் அக்கலம் செவ்வாயை மிக அணுகித் தொடர்பிழந்து ஒழிந்தது. கோப்பு ஒழுங்காகவே சென்றது, பொருளே சென்றிலது. இத்துறை புகும் நம் மாணவர் இதனை மறவாதிருப்பாராக.