வால்வு எங்கே இருக்கு பாஸ்?

'ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்' பேப்பரில் 88 மார்க் வாங்கின ஆள் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பெர்னோலி சமன்பாட்டை ஒப்பிப்பேன். ஆனா, போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, மேடவாக்கத்தில் எங்க வீட்டு வாஷ் பேசினுக்குக் கீழே உடைஞ்ச பைப்பை ரெண்டு கையாலும் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தப்போ, எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியலை... இந்தத் தண்ணியை எங்கே போய் நிறுத்துறது?

அப்பா, அம்மா ரெண்டு பேரும் திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாங்க. வீட்டில் நானும் தாத்தாவும் மட்டும். பேசினுக்குக் கீழே சுவரில் இருக்குமே ஆங்கிள் காக், அது ரெண்டு நாளா சொட்டிக்கிட்டிருந்தது. 'நாமதான் இன்ஜினீயராச்சே'ன்னு ஸ்பேனரை வெச்சு ஒரு திருகு. அவ்ளோதான்! உப்பு அரிச்ச காக் கையோட வந்துடுச்சு. தண்ணி பீய்ச்சி முகத்தில் அடிக்குது.

ஹாலில் என் லேப்டாப் சார்ஜர் செருகின எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையிலேயே கிடக்கு. தண்ணி நேரா அதை நோக்கி ஓடுது. தாத்தா துடைப்பத்தோட அதே பக்கம் வர்றார். தன் வீட்டு சீலிங் ஒழுகுறதைப் பார்த்துட்டு கீழ் வீட்டு ஆன்ட்டி ஓடி வந்து கத்தினாங்க பாருங்க... "பைப்பை விடும்மா! மொதல்ல மெயினை ஆஃப் பண்ணு!" அந்த ஒரு சத்தம்தான் அன்னிக்குத் தாத்தாவைக் காப்பாத்துச்சு.

அடுத்து மொட்டை மாடிக்கு ஓடினா, கதவில் பூட்டு. சாவி ஹவுஸ் ஓனர்கிட்ட. அவரை எழுப்பி, டார்ச் அடிச்சு, டேங்க்கிலிருந்து எங்க வீட்டுக்கு வர்ற கேட் வால்வைக் கண்டுபிடிச்சா, அது அசைய மாட்டேங்குது! வருஷக்கணக்கா யாரும் தொடாம, போர் தண்ணி உப்பு படிஞ்சு இறுகிப்போயிருந்தது. இதுக்கு நடுவுல இன்னொரு கூத்து. டேங்க்கில் தண்ணி குறைஞ்சதும் ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் கடமை தவறாம மோட்டாரைப் போட்டு, சம்ப்பில் இருந்ததையும் மேலே ஏத்திவிட்டது. மோட்டாருக்குத் தனி மீட்டர் என்பதால், எங்க மெயினை அணைச்சதால் அதுக்கு ஒண்ணும் ஆகலை. அன்னிக்குக் காலையிலதான் லாரித் தண்ணி இறக்கியிருந்தோம்!

கடைசியில் வந்த பிளம்பர் அண்ணன், பாத்ரூம், கிச்சன் குழாய்களை எல்லாம் திறந்துவிட்டு, வேகம் குறைஞ்சதும் ஒரு எண்ட் பிளக்கைச் சுவரில் திருகினார். அரை நிமிஷ வேலை. போகும்போது கேட்டார்: "ஏம்மா, தண்ணி வர்ற இடத்தை விட்டுட்டு, போற இடத்தைப் பொத்துனா எப்படி நிக்கும்?" 88 மார்க்குக்கு விழுந்த பல்பு!

'தண்ணிதானே போச்சு'ன்னு சொல்றீங்களா?

20 லிட்டர் பக்கெட் ஒரு நிமிஷத்தில் நிறையுற வேகம்னா, ஒரு மணி நேரத்துக்கு 1,200 லிட்டர். அதாவது, 1,000 லிட்டர் டேங்க் 50 நிமிஷத்தில் காலி. நம்ம ஏரியாவில் அந்தத் தண்ணியோட மதிப்பு 2019 கோடையைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். அந்த ஜூன் மாசம் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் கிட்டத்தட்ட வறண்டுபோச்சு. ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகள் சிலது 'வீட்லேருந்தே வேலை பாருங்க'ன்னு சொன்னதும் அப்போதான். ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணி ரயிலேறி வில்லிவாக்கத்துக்கு வந்துச்சு. ரயிலில் வந்த பொருளை சாக்கடையில் விடலாமா?

பைப் உடைஞ்சா... இதான் ஆர்டர்!

கரன்ட்: உலர்ந்த கையோட, செருப்பு போட்டுக்கிட்டு மெயினை அணைங்க. போர்டு வரைக்கும் தண்ணி வந்துட்டா கிட்டேயே போகாதீங்க. எல்லாரையும் வெளியே கூட்டிட்டு வந்துட்டு, மின்வாரியத்தின் 'மின்னகம்' நம்பருக்கு (94987 94987) போன் போடுங்க.

வால்வு: பேசின், ஃப்ளஷ் டேங்க், கெய்சர்னு ஒவ்வொண்ணுக்கும் தனி ஆங்கிள் காக் உண்டு. அது சரியா இருந்தா அங்கேயே மூடலாம். அதுவே உடைஞ்சிருந்தா பாத்ரூம் கன்ட்ரோல் வால்வு. அதுவும் இல்லையா, மாடி டேங்க் வால்வு.

மோட்டார்: உடனே ஆஃப். ஆட்டோமேட்டிக்கை நம்பாதீங்க, என் கதைதான் சாட்சி.

குழாய்கள்: வால்வு இறுகியிருந்தா, மத்த குழாய் எல்லாத்தையும் பக்கெட் வெச்சுத் திறங்க. உடைஞ்ச இடத்தில் வேகம் குறையும், தண்ணியும் மிஞ்சும்.

பைப்பில் வெறும் விரிசல்தான்னா, பழைய சைக்கிள் டியூபை நீளமா வெட்டி, இழுத்து இறுக்கிச் சுத்தி, மேலே கம்பி கட்டுங்க. பிளம்பர் வர்ற வரைக்கும் தாங்கும்.

தண்ணி நின்ன பிறகு..?

பாய், மெத்தை, அட்டைப் பெட்டியை எல்லாம் தரையிலிருந்து தூக்குங்க. ஒண்ணு ரெண்டு நாளில் காயலைன்னா பூஞ்சை பிடிச்சுடும். சர்ட்டிஃபிகேட் நனைஞ்சிருந்தா, ஒட்டின தாளைப் பிரிக்காதீங்க, கிழிஞ்சுடும். வெயிலிலும் போடாதீங்க. நியூஸ் பேப்பர் விரிச்சு ஃபேன் காத்தில் மெதுவா காயவிடுங்க. நனைஞ்ச பிளக், ஸ்விட்ச் எதையும் எலெக்ட்ரீஷியன் பார்க்காம போடாதீங்க.

மழைக்காலத்தில் கதை வேற. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ நம்ம பக்கம் தெருத் தண்ணியே வீட்டுக்குள்ள வந்துச்சு. அப்படி சம்ப்புக்குள்ள வெள்ளம் இறங்கிட்டா மோட்டாரைப் போட்டுடாதீங்க. அழுக்குத் தண்ணி மாடி டேங்க்கையும் கெடுத்துடும். சம்ப்பைக் காலி பண்ணி, தேய்ச்சுக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகுதான் புதுத் தண்ணி.

இந்த ஞாயித்துக்கிழமை ஹோம்வொர்க்!

கால் மணி நேரம் போதும். அப்பாவையோ ஹவுஸ் ஓனரையோ கூட்டிக்கிட்டு மாடி ஏறுங்க. எந்த வால்வு எந்த வீட்டுக்குன்னு பெயின்ட்டில் எழுதுங்க. ஒவ்வொண்ணையும் மூடித் திறந்து பாருங்க, சில மாசத்துக்கு ஒருக்கா இதைச் செஞ்சா உப்பு இறுகாது. மாடிச் சாவிக்கு ஒரு டூப்ளிகேட். ஒரு டப்பாவில் டெஃப்லான் டேப், அரை இஞ்ச் எண்ட் பிளக் ரெண்டு, ஸ்பேனர், டார்ச். முக்கியமா, வீட்டில் தனியா இருக்கிற தாத்தா, பாட்டிக்கும் மெயின் ஸ்விட்ச் எதுன்னு காட்டிக் கொடுங்க.

எங்க வீட்டில் இப்போ வால்வு மேலே சிவப்பு பெயின்ட்டில் எங்க போர்ஷன் நம்பர் இருக்கு. எழுதினது நான் இல்லை... தாத்தா!