உஷார்! உங்கள் பாட்டே உங்களுக்கு இல்லாமல் போகலாம்

சேலம், நாமக்கல் பக்கத்துக் கூத்துக் கலைஞர்களே, உடுக்கை அடித்து அண்ணன்மார் கதை பாடுகிறவர்களே, வள்ளி கும்மி வாத்தியார்களே, வீட்டு அறையில் லேப்டாப்பை வைத்து மெட்டுப் போடும் தம்பி தங்கைகளே! அடுத்த பாட்டை ஏற்றுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ராசிபுரத்தில் பதிவு செய்த பாட்டை இன்று சில நாட்களில் டொரன்டோவில் கேட்கலாம். அது பெரிய வரம். ஆனால் அதே வேகத்தில் பாட்டின் உரிமையும் கைமாறிப் போகிறது.

பெரிய பெயர்களுக்கே இந்தக் கதி. 2021-ல் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’ யூடியூபில் 40 கோடிப் பார்வைகளுக்கு மேல் தாண்டியது. 2024 மார்ச்சில் அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்ட மாஜா நிறுவனம் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. அங்கேயே கணக்கு இப்படிச் சிக்கலாகிறது என்றால், திருவிழா மேடையில் பாடுகிறவருக்கு யார் கணக்குச் சொல்வார்கள்?

பொறி 1: “நாங்களே போட்டுவிடுகிறோம்”

சேனல்காரர் உங்கள் பாட்டைத் தன் பெயரில் ஏற்றி, யூடியூபின் உரிமை கண்டறியும் முறையான கன்டென்ட் ஐடியில் பதிந்துவிட்டால், பிறகு அதே பாட்டை நீங்கள் போடும்போது உங்கள் மேலேயே கிளெய்ம் வரும். விளம்பர வருமானம் அவருக்குப் போகும். கிளெய்ம் வந்தால் 5 நாட்களுக்குள் மறுப்பு கொடுங்கள். தகராறு தீரும்வரை பணம் நிறுத்திவைக்கப்படும். பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம் உண்டு. கிளெய்ம் வேறு, பதிப்புரிமை மீறலுக்கான ஸ்டிரைக் வேறு: 90 நாட்களில் 3 ஸ்டிரைக் விழுந்தால் சேனலே பறிபோகும்.

பொறி 2: “காலவரையின்றி, உலகம் முழுவதும்”

பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி உரிமையை எழுத்தில்தான் ஒப்படைக்க முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். இந்தப் பாதுகாப்பை உடைக்கத்தான் ஒப்பந்தங்களில் “காலவரையின்றி, உலகம் முழுவதும், இனி வரும் எல்லா ஊடகங்களிலும்” என்று எழுதுகிறார்கள். அந்த வரியைக் கண்டால் பேனாவை மூடுங்கள். தலைமுறையாக வந்த நாட்டுப்பாடல் யாருக்கும் தனிச்சொத்து அல்ல. ஆனால் பதிவின் உரிமை பொதுவாகப் பதிவுக்கு ஏற்பாடு செய்த தயாரிப்பாளருக்கே போகும். அதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பொறி 3: “ஸ்ட்ரீம் ஏற்றித் தருகிறோம்”

2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதங்களில் 1,000 ஸ்ட்ரீமாவது தொடாவிட்டால் பணம் கிடையாது. அதைக் காட்டி, காசு கொடுத்தால் எண்ணிக்கையை ஏற்றுகிறோம் என்று ஆட்கள் வருவார்கள். கள்ள ஸ்ட்ரீம் பிடிபட்டால் விநியோகம் செய்கிறவருக்கு அபராதம், பாட்டும் தூக்கப்படலாம்.

பொறி 4: குரல்

2024-ல் வந்த ‘லால் சலாம்’ படப் பாட்டில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் ஏ.ஆர். ரஹ்மான் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கினார், பணமும் கொடுத்தார். எல்லாரும் அப்படிக் கேட்பார்கள் என்று நம்பாதீர்கள். “இந்தக் குரலை வைத்து வேறு குரல் உருவாக்கக் கூடாது” என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இப்போதே செய்யுங்கள்

• விநியோகக் கணக்கும் யூடியூப் சேனலும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள்.
• பாடல் வரி, மெட்டு, பதிவுக் கோப்பு மூன்றையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.
• இசைப்படைப்பைப் பதிவு செய்ய அரசுக் கட்டணம் 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். முக்கியமான பாட்டுக்கு இதைச் செலவு என்று நினைக்காதீர்கள்.
• மேளம், பம்பை வாசித்தவருக்கு என்ன பங்கு என்பதையும் முதலிலேயே எழுதுங்கள். நம்மவரையே நாம் ஏமாற்றக் கூடாது.

ஆடி நெருங்கும்போது அம்மன் பாட்டுக்கு அவசரம் காட்டுவார்கள், ரெக்கார்டிங் நடக்கும்போதே காகிதத்தை நீட்டுவார்கள். “படித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு நாளைக்கூடக் கொடுக்க மறுக்கிறவருக்கு உங்கள் பாட்டைக் கொடுக்காதீர்கள்.