பனியில் கோல் காத்த நூர் ஜஹான்

கற்பிட்டியிலும் சிலாபத்திலும் ஐஸ் என்றால் நமக்கு நினைவு வருவது மீன் பெட்டிதான். அந்த ஐஸின் மேல் நின்று ஒரு முஸ்லிம் பெண் தன் நாட்டுக்காக விளையாடினார் என்றால் நம்புவீர்களா? அவர் பெயர் நூர் ஜஹான். இந்தியாவின் வட கோடியில், இமயமலைக்குள் இருக்கும் லடாக் அவருடைய ஊர். விளையாட்டு, ஐஸ் ஹொக்கி.

புத்தளத்து உப்பளங்களை நினைத்துப் பாருங்கள். பாத்தியில் தண்ணீரைக் கட்டி, வெயிலை நம்பி உப்பு எடுக்கிறோம். மழை வந்தால் விளைச்சல் போயிற்று. லடாக்கில் இது தலைகீழ். சுமார் 3,500 மீற்றர் உயரத்திலுள்ள லே நகரில் மாரியில் குளங்கள் உறைந்துவிடும். நிலத்தில் தண்ணீரைக் கட்டி, இரவுக் குளிரில் உறைய வைத்தும் மைதானம் செய்வார்கள். இரண்டு மாதமளவில் வெயில் ஏறினால் ஆட்டமும் முடிந்தது.

காலில் இரும்புத் தகடு பூட்டிய சப்பாத்து. கையில் நீண்ட மட்டை. பந்துக்குப் பதிலாகத் தட்டையான ரப்பர் வட்டு. நூர் ஜஹான் கோல் காப்பாளர். பாய்ந்து வரும் வட்டைத் தடுக்க முகமூடி, தலைக்கவசம், கையுறை, கால்களில் தடித்த காப்புகள் என்று உச்சி முதல் உள்ளங்கால் வரை மூடிக்கொண்டுதான் நிற்க வேண்டும். உடுப்பைப் பற்றிக் கவலைப்படும் உம்மாமார் இந்த ஆட்டத்தில் குறை சொல்ல இடமேயில்லை!

ஆனாலும் வழி லேசாக இருக்கவில்லை. பையன்கள் ஆடிய மிச்ச நேரத்தில்தான் பெண்பிள்ளைகளுக்கு ஐஸ் கிடைத்தது. ஒரு சோடிச் சப்பாத்தை மாறி மாறிப் போட்டு ஆடினார்கள். 2016இல்தான் இந்தியப் பெண்கள் அணி முதன்முதலாகச் சர்வதேசப் போட்டிக்கு, தைவானின் தாய்பே நகருக்குப் போனது. அணியில் மிகப் பெரும்பாலோர் லடாக்குப் பிள்ளைகள். 2017இல் பாங்கொக்கில் பிலிப்பைன்ஸை 4க்கு 3 என்று வென்றதே அவர்களின் முதல் வெற்றி. 2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டியில் இந்தியப் பெண்கள் வெண்கலப் பதக்கம் பெற்றார்கள்.

பதக்கத்தைவிட என் மனதைத் தொட்டது வேறொன்று. நூர் ஜஹானும் அவருடைய அணித் தோழிகளும் தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. பெண்களுக்கென்று ஓர் அமைப்பை உண்டாக்கி, தூரக் கிராமங்களுக்குப் போய், சிறுமிகளைக் கைபிடித்து ஐஸில் நிற்கப் பழக்கினார்கள். 2018இல் கனடாவுக்காக நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்ற ஹேலி விக்கன்ஹைசரும் லடாக் வந்து அப்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். விளையாட்டால் நூர் ஜஹானின் படிப்பும் கெடவில்லை. பழைய சுவரோவியங்களைப் பழுதுபார்த்துக் காக்கும் கலையைப் படித்து, அதையே தொழிலாகக் கொண்டார்.

இனி நமது ஊருக்கு வருவோம். இல்ல விளையாட்டுப் போட்டியில் முதலாவதாக ஓடி வரும் பிள்ளை, பெரிய பிள்ளையானதும் பல வீடுகளில் மூலையில் உட்கார்ந்துவிடுகிறாள். பழக்குவதற்குப் பெண் இல்லையே என்று பெற்றோர் அனுப்புவதில்லை. அனுப்பாததால் பழக்குவதற்குப் பெண்ணும் உருவாவதில்லை. இந்தச் சுற்றை யார் உடைப்பது?

நபி (ஸல்) அவர்கள் தம் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதை ஹதீஸில் நாம் படிக்கிறோம். ஒரு முறை ஆயிஷா (ரலி) முந்தினார்கள். பின்னொரு முறை நபியவர்கள் முந்தினார்கள். பெண்ணின் தேக சுகம் மார்க்கத்துக்குப் புறம்பானதல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஐஸ் நமக்குத் தேவையில்லை. பெண்கள் பாடசாலை மதிலுக்குள் ஒரு வலைப்பந்துக் கம்பம் போதும். ஒரு காலத்தில் நன்றாக ஆடிய தாத்தாவோ சாச்சியோ உங்கள் தெருவிலும் இருப்பார். அசருக்குப் பின் ஒரு மணித்தியாலம் அவர் வந்து நின்றால், எத்தனையோ உம்மாமார் நம்பிக்கையோடு பிள்ளையை அனுப்புவார்கள். அந்தத் தாத்தா நீங்களாகவே இருந்தால், இந்தக் கிழமையே தொடங்குங்கள்.

அல்லாஹ் நம் பெண்பிள்ளைகளுக்குத் தேக சுகத்தையும் நல்லறிவையும் தருவானாக. ஆமீன்.